ரோமானிய வெண்கலக் காசுகள்: பேரரசரின் படம் யார் கண்ணுக்கு?

செம்புக்காசு எழுதியது:

ரோமானிய நாணயம் என்று யார் இழை தொடங்கினாலும் பேச்சு தங்கத்துக்குப் போய்விடுகிறது. 1898ல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 தங்கக் காசுகள், அவற்றில் பேரரசர் முகத்தில் விழுந்திருக்கும் உளி வெட்டு, மிளகு வாங்க வந்த கப்பல்கள். எனக்கும் அதெல்லாம் பிடிக்கும். இங்கே வெண்கலத்தைப் பற்றி மட்டும் பேசலாமா?

காரணம் சொல்கிறேன். ஒரு தங்க ஆரியஸ் என்பது 25 வெள்ளி டெனாரியஸ், அதாவது 100 பித்தளைச் செஸ்டர்சியஸ். முதல் நூற்றாண்டின் பெரும்பகுதியில் லீஜியன் படைவீரனின் ஆண்டுச் சம்பளமே 900 செஸ்டர்சியஸ்தான். கூலிக்காரன், ரொட்டி விற்றவள், குளியல் கூடத்து வாசலில் நின்றவன் எல்லோர் கையிலும் புரண்டது செம்பும் பித்தளையும். பேரரசர் தன் குடிகளிடம் எதையாவது காட்ட நினைத்தால் அவருக்குக் கிடைத்த இடம் இந்தச் சில்லறைதான். அதிலும் செஸ்டர்சியஸ் சுமார் 25 கிராம் எடை, 3 செ.மீ.க்கு மேல் விட்டம். நம் பத்து ரூபாய் நாணயத்தைப் போல மூன்று மடங்கு கனம். படம் செதுக்குகிறவனுக்கு இதைவிட நல்ல பலகை எந்தக் காசிலும் கிடைக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். ஹேட்ரியன் பதவிக்கு வந்த கொஞ்ச நாளில், 118ல், அரசுக்கு வரவேண்டிய பழைய பாக்கிகளைத் தள்ளுபடி செய்தார். கடன் பத்திரங்களை டிராஜன் மன்றத்தில் குவித்து எரித்தார்கள். அதற்கு வெளியிட்ட செஸ்டர்சியஸின் பின்பக்கத்தில் ஓர் அரசு ஊழியர் தீப்பந்தத்தைத் தாழ்த்திப் பத்திரக் குவியலுக்குத் தீ வைக்கிறார். சில அச்சுகளில் எதிரே மூன்று குடிமக்கள் கையை உயர்த்தி நிற்கிறார்கள். சுற்றிலும் எழுத்து: தள்ளுபடியான பழைய பாக்கி 90 கோடி செஸ்டர்சியஸ் என்று தொகையே போட்டிருக்கிறது. எந்தப் பணத்தில் பாக்கி கணக்கிடப்பட்டதோ அந்தப் பணத்தின் முதுகிலேயே தள்ளுபடி அறிவிப்பு!

நெர்வாவின் 97ஆம் ஆண்டு செஸ்டர்சியஸும் அப்படித்தான். வண்டி நுகம் கழற்றி நிறுத்தியிருக்கிறது. இரண்டு கோவேறு கழுதைகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் புல் மேய்கின்றன. அரசுத் தபால் போக்குவரத்துச் செலவை இத்தாலி ஊர்கள் சுமக்க வேண்டியதில்லை என்ற உத்தரவின் படம் அது. எழுத்துத் தெரியாதவனுக்கும் விளங்கும்.

இவற்றை மக்கள் உண்மையிலேயே பார்த்தார்களா? உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல தொடக்கம். ஆனாலும் எனக்குச் சந்தேகம் உண்டு. நீங்கள் எடுத்துக்காட்டிய இரண்டும் பொறுக்கியெடுத்த மணிகள். நூறு செஸ்டர்சியஸை ஒரு தட்டில் கொட்டினால் பெரும்பாலானவற்றில் என்ன இருக்கும்? கையில் தராசோடு ஒரு பெண், கொம்பில் பழங்களோடு ஒரு பெண், செங்கோலோடு ஒரு பெண். நீதி, வளம், பாதுகாப்பு என்று பெயர் மட்டும் மாறும். எழுத்தோ சுருக்கெழுத்து: பெரும் குரு, இத்தனையாவது ஆண்டு டிரிப்யூன் அதிகாரம், இத்தனையாவது முறை கான்சல். அதுவும் லத்தீனில். கிரேக்கம் பேசிய கிழக்கு மாகாணத்துக்காரனுக்கு அது எட்டாது.

1950களில் வரலாற்றாசிரியர் ஏ.எச்.எம். ஜோன்ஸ் இதே கேள்வியைக் கேட்டார். பின்பக்கப் படங்களுக்கு நாம் கொடுக்கும் முக்கியத்துவத்தை அந்தக் காலத்து மக்கள் கொடுத்ததற்கு ஆதாரம் குறைவு என்பது அவர் வாதம். படத்தைத் தேர்ந்தெடுத்தது பேரரசரா, காசு அடிக்கும் அக்கசாலையின் அதிகாரியா என்பதும் தெளிவில்லை. அதிகாரி தன் மேலிடத்தை மகிழ்விக்கப் படம் போட்டிருக்கலாம். அப்படியானால் பார்க்க வேண்டியவர் பேரரசர் ஒருவர்தான், மக்கள் இல்லை.

பார்த்ததற்கு எழுத்து ஆதாரம் இருந்தால் காட்டுங்கள், யோசிக்கிறேன்.


உலைக்களம் எழுதியது:

வாதத்துக்குள் போகுமுன் உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வெண்கலம் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அகஸ்டஸ் ஒழுங்குபடுத்திய முறையில் செஸ்டர்சியஸும் அதில் பாதி மதிப்புள்ள டூபாண்டியஸும் பித்தளை. செம்போடு துத்தநாகம். அவற்றுக்கும் கீழான மதிப்புள்ள அஸ், குவாட்ரன்ஸ் இரண்டும் செம்பு. புதுசாக இருந்தபோது பித்தளைக் காசு பொன்னிறமாக மினுங்கியிருக்கும். அஸ் சிவந்திருக்கும். இன்று எல்லாமே பச்சையும் பழுப்புமாக மாறிவிட்டதால் நமக்கு ஒன்றாகத் தெரிகிறது.

டூபாண்டியஸும் அஸும் அளவில் ஏறக்குறைய ஒன்று. நிறம் மங்கிய காசை எப்படிப் பிரித்தறிவது? நீரோ காலத்திலிருந்து டூபாண்டியஸில் பேரரசர் தலைக்குக் கதிர் முடி வைத்தார்கள். அஸில் இலை மாலை, இல்லையென்றால் வெறுந்தலை. கடைக்காரன் சில்லறை எண்ணும்போது பேரரசரின் தலையைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது என்பதற்கு இதுவே போதும். பின்பக்கம் பற்றி எனக்கு ஏட்டுச்சுவடி ஐயாவின் சந்தேகம் பாதி உண்டு.


செம்புக்காசு எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா கேட்ட ஆதாரம் இதோ. நான்கு தருகிறேன், நான்கும் பழைய எழுத்தாளர்கள் சொன்னவை.

முதலாவது சூட்டோனியஸ். டைபீரியஸ் காலத்தில் அகஸ்டஸ் உருவம் பொறித்த மோதிரத்தையோ காசையோ கழிப்பிடத்துக்கும் விலைமாதர் வீட்டுக்கும் கொண்டுபோவது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது என்று எழுதுகிறார். கேரகல்லா காலத்திலும் இதே காரணத்துக்காக ஓர் இளைஞன் சிறையில் அடைக்கப்பட்டதை வரலாற்றாசிரியர் டியோ சொல்கிறார். காசிலிருந்த முகம் வெறும் முத்திரையாக இருந்திருந்தால் இந்த அச்சம் எதற்கு?

இரண்டாவது தத்துவ ஆசிரியர் எபிக்டீட்டஸ். மனிதனின் குணத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு செஸ்டர்சியஸை உவமையாக எடுக்கிறார். இதில் யார் முத்திரை, டிராஜனா? கொண்டுவா. நீரோவா? தூக்கி எறி, செல்லாது, அழுகிப்போனது என்கிறார். நீரோவின் காசுகள் அவருக்குப் பிறகும் நடமாட்டத்தில் இருந்தவைதான். என்றாலும் கேட்கிறவர்களுக்கு அந்த உவமை சட்டென்று புரியும் என்று ஆசிரியர் நம்பியிருக்கிறார்.

மூன்றாவது கலிகுலா. அவர் கொல்லப்பட்டபின் அவர் உருவமுள்ள வெண்கலக் காசுகளையெல்லாம் உருக்கச் சொல்லி செனட் முடிவெடுத்தது என்கிறார் டியோ. குறிப்பாக வெண்கலம்! உருக்கிய உலோகத்தில் அடுத்த பேரரசர் கிளாடியஸின் மனைவி மெசலினா தன் அபிமான நடிகர் ம்னெஸ்டரின் சிலைகளைச் செய்வித்தாராம். கலிகுலாவின் காசு இன்றும் நம் கைக்கு வருகிறது என்பதால் உத்தரவு முழுதாக நிறைவேறவில்லை என்று தெரிகிறது. அப்படி ஓர் உத்தரவைப் போடத் தோன்றியதே எனக்குப் பெரிய சாட்சி.

நான்காவதுதான் பின்பக்கத்துக்கு நேரடி ஆதாரம். ஜூலியன் 362, 363 வாக்கில் பெரிய வெண்கலக் காசு ஒன்றை வெளியிட்டார். பின்பக்கம் ஒரு காளை, அதன் மேலே இரண்டு நட்சத்திரம். அந்தியோக்கியா நகரத்து மக்கள் இதைக் கேலி செய்தார்கள். ஓயாமல் காளைகளைப் பலியிட்டு உலகையே காலி செய்கிறவரின் காசில் காளை பொருத்தம்தான் என்று பேசிக்கொண்டார்கள் என்று திருச்சபை வரலாறு எழுதிய சோக்ரட்டீஸ் பதிந்திருக்கிறார். ஜூலியனே அந்த நகரத்தாருக்கு எழுதிய பதிலில், தன் தாடியைப் போலவே காசிலுள்ள உருவங்களையும் அவர்கள் பழித்ததைக் குறிப்பிடுகிறார். கடைத்தெருவில் பின்பக்கப் படத்தைப் பார்த்து, அதற்குத் தங்கள் சொந்தப் பொருளை ஏற்றிச் சிரித்திருக்கிறார்கள். இதைவிட என்ன வேண்டும்?


ஏட்டுச்சுவடி எழுதியது:

ஜூலியன் சான்று வலுவானது, ஏற்கிறேன். ஆனால் அது காட்டுவது என்ன என்று கவனியுங்கள். பேரரசர் ஒன்றைச் சொல்ல நினைத்தார், மக்கள் வேறொன்றைப் படித்தார்கள். அக்கசாலை அனுப்பிய செய்தி அப்படியே போய்ச் சேர்ந்தது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. பார்த்தார்கள், சரி. பேரரசர் விரும்பியபடி பார்த்தார்களா என்பது தனிக் கேள்வி.

இன்னொன்று. குளியல் கூடத்துக் கட்டணமாகப் புழங்கிய குவாட்ரன்ஸ் என்ற மிகச் சின்னக் காசில் பெரும்பாலும் பேரரசரின் தலையே கிடையாது. அடித்தட்டு மக்களிடம் பேசுவதுதான் நோக்கம் என்றால் அங்கேதானே முகம் முதலில் வந்திருக்க வேண்டும்?


செம்புக்காசு எழுதியது:

குவாட்ரன்ஸை நீங்களே எடுத்துக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. கலிகுலாவின் குவாட்ரன்ஸில் தலை இல்லைதான். அதற்குப் பதில் என்ன இருக்கிறது? விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி. பின்பக்கத்தில் ஆர், சி, சி என்று மூன்று எழுத்து. ஏலத்தில் விற்ற பொருளுக்கு இருநூற்றில் ஒரு பங்கு வரி இருந்தது. அதை நீக்கியதன் குறிப்பு அது. சின்ன வியாபாரியின் கையில் புழங்கும் ஆகச் சின்னக் காசில் விற்பனை வரி ரத்துச் செய்தி. யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்கள் காசில் சொல்லியிருக்கிறார்கள்.

பாம்பேயில் ஒரு மதுக்கடைச் சுவரில் கிறுக்கியிருப்பதைப் படித்திருப்பீர்கள். ஒரு அஸ் கொடுத்தால் இங்கே குடிக்கலாம், இரண்டு கொடுத்தால் நல்லதாகக் குடிக்கலாம், நான்கு கொடுத்தால் ஃபலெர்னிய மதுவே கிடைக்கும். இந்த அஸ்தான் ஒரு நாளில் எத்தனை கை மாறியிருக்கும்! தங்கம் பெட்டியில் தூங்கியது, அஸ் தெருவில் நடந்தது.


அமராவதிக்கரை எழுதியது:

பிரிட்டானியா காசை யாரும் இன்னும் சொல்லவில்லையே. அன்டோனைனஸ் பயஸ் 154, 155ல் வெளியிட்ட அஸ். பாறைமேல் ஒரு பெண் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் கேடயம். அந்தப் பெண்தான் பிரிட்டானியா. இந்தக் காசு பெரும்பாலும் பிரிட்டனிலேயே கிடைக்கிறது. ஹேட்ரியன் மதிலை ஒட்டிய கேரோபரோவில் கோவென்டினா தெய்வத்தின் கிணறு ஒன்று இருக்கிறது. 1876ல் அதைத் தோண்டியபோது நேர்ந்து போட்ட காசுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. அதில் இந்த ஒரு வகை மட்டும் 300க்கும் மேல்.

அந்த மாகாணத்தின் படம் போட்ட காசு அந்த மாகாணத்துக்கே மூட்டையாகப் போயிருக்கிறது. யார் பார்ப்பார்கள் என்ற கணக்கு இல்லாமல் இது நடக்குமா? ஏட்டுச்சுவடி ஐயா சொல்வதிலும் பொருள் இருக்கிறது. கிணற்றில் அதைப் போட்டவர் தன் நாடு தலை குனிந்திருக்கிறதே என்று வருந்தினாரா, இல்லை அது ஏதோ அம்மன் உருவம் என்று நினைத்தாரா, காசு சொல்லாது.


உலைக்களம் எழுதியது:

படம் பார்க்கப்பட்டதற்கு நான் நம்பும் சாட்சி காசின் மேலேயே இருக்கிறது. காயங்கள்.

நீரோவின் கடைசிக் காலத்தில், 68ல், கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டில் ஆளுநர் விண்டெக்ஸ் கலகம் செய்தார். அந்தப் பகுதியில் புழங்கிய லுக்டுனும் (இன்றைய லியோன்) அக்கசாலைக் காசுகள் சிலவற்றில், நீரோவின் கழுத்துக்கு நேராக எஸ், பி, க்யூ, ஆர் என்ற முத்திரையை அடித்திருக்கிறார்கள். செனட்டும் ரோம் மக்களும் என்ற பொருள். பலரும் அதை அந்தக் கலகத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். இத்தகைய ஒன்றை ஒரு சேகரிப்பாளர் வீட்டில் உருப்பெருக்கியில் பார்த்தேன். மார்பின் முனையில் லுக்டுனும் காசுக்கே உரிய சின்ன உருண்டை தெளிவாக இருந்தது. தடித்த கழுத்து, மோவாயின் கொழுப்பு மடிப்பு, அதற்குக் கீழே நீள்சதுரக் குழியில் நான்கு எழுத்து. அடித்த வேகத்தில் பின்பக்கம் அதே இடத்தில் தட்டையாகிவிட்டது. வெறும் செல்லுபடி முத்திரை என்றால் காசில் எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாமே.

கேட்டா விஷயம் இதைவிடக் கொடியது. 211 கடைசியில் கேரகல்லா தம்பி கேட்டாவைக் கொன்றார். தம்பியின் பெயரையும் உருவத்தையும் எங்கும் வைக்கக்கூடாது என்று உத்தரவு. சின்ன ஆசியாவில் ஸ்ட்ரடோனிகையா, பெர்கமோன் போன்ற நகரங்கள் முன்பு அண்ணன் தம்பி முகத்தோடு முகம் பார்க்கும்படி பெரிய வெண்கலக் காசு வெளியிட்டிருந்தன. அவற்றில் தம்பியின் முகத்தை மட்டும் சுரண்டி வழித்திருக்கிறார்கள். அண்ணன் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காசு அதன்பிறகும் செலவாகியிருக்கிறது. ரோமுக்கு எவ்வளவோ தூரத்திலுள்ள ஒரு நகரத்தில், ஒரு முகம் ஆபத்து என்று ஒவ்வொரு காசாக எடுத்துத் தேய்த்திருக்கிறார்கள் என்றால் பார்த்தார்களா என்ற கேள்விக்கே இடமில்லை.


ஏட்டுச்சுவடி எழுதியது:

இந்தக் காயங்கள் எல்லாம் முகத்தின்மேல்தான் விழுந்தன, அதைத்தான் நான் சொல்கிறேன். தலைப்பக்கம் எல்லோரும் பார்த்தது. பின்பக்கம் சிலர், சில நேரம். இதில் நான் நிற்கிறேன்.

4ஆம் நூற்றாண்டுக்கு வாருங்கள். முகமே என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். முன்பு வெஸ்பேசியனின் சுருக்கம் விழுந்த நெற்றி, நீரோவின் பருத்த கழுத்து, ஹேட்ரியனின் தாடி என்று ஒவ்வொருவரையும் எழுத்தில்லாமலே சொல்லிவிடலாம். டயோக்ளீஷியன் 294 வாக்கில் கொண்டுவந்த சுமார் 10 கிராம் எடையுள்ள புதிய காசில், அப்போது பேரரசைப் பகிர்ந்து ஆண்ட நான்கு ஆட்சியாளர்களுக்கும் ஒரே சதுரத் தாடை, ஒரே குட்டைத் தாடி, ஒரே முறைப்பு. பெயரைப் படித்தால்தான் ஆள் தெரியும். நால்வரும் ஒருவரே என்பதுதான் அவர்கள் காட்ட நினைத்தது. என் பார்வையில் ரோமானிய நாணயங்களில் மிகத் திட்டமிட்ட படம் இந்த முகம்தான், ஹேட்ரியனின் தீப்பந்தம்கூட இல்லை.

அப்புறம் கான்ஸ்டன்டைன் வந்து தாடியை எடுத்தார், இளமை முகம் வைத்தார், பின்னாளில் முத்துப் பட்டம் கட்டினார். அவர் மறைந்தபின் வந்த சின்னஞ்சிறு காசில் முக்காடிட்ட தலை. பின்பக்கம் நான்கு குதிரைத் தேரில் அவர் மேலே போகிறார், வானத்திலிருந்து ஒரு கை அவரைப் பிடிக்க நீள்கிறது. அவர் வாழ்க்கையை எழுதிய யூசிபியஸ் இந்தக் காட்சியை வார்த்தையில் அப்படியே விவரிக்கிறார். பின்பக்கத்துக்கு என் தரப்பிலிருந்தே ஒரு சாட்சி கொடுத்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள்.


மாந்தைத்துறை எழுதியது:

நல்ல இழை. எங்கட பக்கத்தில், இலங்கையில், கிடைக்கிற ரோமானியக் காசு பெரும்பாலும் இந்தக் கடைசிக் கால வெண்கலம்தான். 4ஆம், 5ஆம் நூற்றாண்டு. ஒரு கிராம், ஒன்றரைக் கிராம். சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. நன்றாகத் தேய்ந்திருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, அசலோடு சேர்ந்து உள்ளூரிலேயே அடித்த போலிகளும் நிறைய வருகின்றன. போலி என்றால் ஏமாற்ற அடித்தது என்று நான் நினைக்கவில்லை, சில்லறைத் தேவைக்கு அடித்தது. அதில் பேரரசரின் தலை சில கோடுகளாகவும் புள்ளிகளாகவும் போய்விடும். எழுத்து இருந்த இடத்தில் கீறல்கள். பின்பக்கச் சிலுவையோ ஈட்டி பிடித்த வீரர்களோ அடையாளமாக மட்டும் மிஞ்சும். பேரரசரின் ஆட்சி எட்டாத இடத்தில் அவர் படம் என்ன ஆகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. முகம் யாருடையது என்று கேட்க ஆளில்லை. வட்டத்துக்குள் ஒரு தலை இருந்தால் அது காசு.


அமராவதிக்கரை எழுதியது:

கரூரிலும் அதே கதை. அமராவதி ஆற்று மணலிலும் மதுரையில் வைகையிலும் கிடைத்த ரோமானியச் செப்புக் காசுகளில் மிகுதி அந்தக் காலத்தவைதான். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைப் பொறுமையாகச் சேர்த்துப் பதிப்பித்தார். அதுவரை இந்தத் துண்டுக் காசுகளை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. முதல் இரண்டு நூற்றாண்டின் பெரிய செஸ்டர்சியஸ் தமிழகத்தில் அபூர்வம். அந்தக் காலத்தில் இங்கே வந்தது வெள்ளியும் தங்கமும்.

ஆனால் படம் இங்கே யாரையும் தொடவில்லை என்று சொல்ல மாட்டேன். மாக்கோதை என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக்காசில் மன்னன் தலை ரோமானியச் சாயலில் இருக்கிறது. காசில் ஆட்சியாளன் முகம் வரவேண்டும் என்ற எண்ணமே அந்தப் பக்கத்திலிருந்து வந்ததாகத்தான் அறிஞர்கள் பார்க்கிறார்கள். முகத்தை எடுத்துக்கொண்டார்கள், பேரரசரை விட்டுவிட்டார்கள்.


புதுவரவு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் புதிது. தாத்தா சேகரிப்பில் ஒரு சின்னப் பச்சைக் காசு இருக்கிறது. ஒரு பக்கம் தலை. மறுபக்கம் ஒரு வீரன் ஈட்டியால் குத்துகிறான், கீழே குதிரையோடு ஒருவன் விழுந்து கையைத் தூக்குகிறான். எழுத்தில் ‘டெம்ப்’ மட்டும் படிக்க முடிகிறது. அங்கங்கே வெளிர்பச்சைப் பொடி இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் தெளிவாகுமா?


உலைக்களம் எழுதியது:

தம்பி, புளி வேண்டவே வேண்டாம். எலுமிச்சையும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு எமன். நூற்றாண்டுகளாக மேலே படிந்த அந்தப் பச்சைப் படலத்தில்தான் படத்தின் நுணுக்கம் நிற்கிறது. புளி அதைக் கரைத்தால் அடியில் குழி விழுந்த செம்புதான் மிஞ்சும்.

கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் பச்சை நல்லது. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி நோய். உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அரிக்கிறது. முதலில் அதை மற்றக் காசுகளிலிருந்து பிரித்து வையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றுங்கள். பொடியை மூங்கில் குச்சியால் மெல்ல எடுங்கள், கம்பித் தூரிகை கூடாது. நன்றாக உலர்த்தி சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பொடி திரும்ப வந்தால் நீங்களே ரசாயனம் வாங்கிப் பரிசோதிக்க வேண்டாம், அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவில் காட்டுங்கள்.


செம்புக்காசு எழுதியது:

புதுவரவு, உங்கள் காசு ‘ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ’ வகை. நற்காலம் மீண்டது என்று பொருள். 348ல் பேரரசர்கள் இரண்டாம் கான்ஸ்டன்டியஸும் கான்ஸ்டன்ஸும் தொடங்கிவைத்தது. ரோம் நகரம் தோன்றி 1100 ஆண்டு நிறைவையொட்டியது என்று கருதுகிறார்கள். இதே எழுத்தோடு ஃபீனிக்ஸ் பறவை, கப்பலில் நிற்கும் பேரரசர், குடிசையிலிருந்து ஒருவனை அழைத்து வரும் வீரன் என்று பல படங்கள் வந்தன. விழும் குதிரைவீரன் மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. காசு சிறுத்துக்கொண்டே போனாலும் படம் மாறவில்லை.

உறுதியாகச் சொல்ல மூன்று விவரம் வேண்டும். எடை, விட்டம், பின்பக்கத்தில் காலடிக் கோட்டுக்குக் கீழே உள்ள எழுத்துகள். அக்கசாலை எது என்று அந்த எழுத்துதான் சொல்லும். விழுந்தவன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறானா, தரையில் உட்கார்ந்திருக்கிறானா, பின்னால் திரும்பிக் கையை நீட்டுகிறானா என்றும் பாருங்கள், உள்வகை அதில் பிரியும். கை தூக்குகிறான் என்று நீங்கள் சொல்வதால் கடைசி வகையாக இருக்கக்கூடும். அவன் தலையில் கூம்புத் தொப்பி தெரிகிறதா என்றும் சொல்லுங்கள். சாய்வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள்.

வேறு எங்கிருந்தாவது மண்ணிலோ ஆற்றிலோ கிடைத்த காசு என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972 சட்டப்படி தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. தாத்தா எங்கே, எப்போது வாங்கினார் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் இப்போதே ஒரு தாளில் எழுதிக் காசோடு வைத்துவிடுங்கள்.


புதுவரவு எழுதியது:

நன்றி ஐயா. எடை 2.3 கிராம், விட்டம் 17 மி.மீ. தொப்பி இருக்கிறது, கூம்பு மாதிரிதான். கையைப் பின்னால் நீட்டுகிறான். அடியில் முதல் மூன்று எழுத்து மட்டும் தெரிகிறது: எஸ், எம், கே. படம் நாளைக் காலை வெயிலில் எடுத்துப் போடுகிறேன்.


செம்புக்காசு எழுதியது:

எஸ், எம், கே என்றால் சிசிக்கஸ் அக்கசாலை, மர்மராக் கடலின் தென்கரை. இன்றைய துருக்கி. அடுத்து வரும் எழுத்து எந்தப் பட்டறை என்று காட்டும். இந்த எடைக்குப் பெரும்பாலும் 350களின் நடுப்பகுதி, இரண்டாம் கான்ஸ்டன்டியஸ். தலைப்பக்கத்தில் முத்துப் பட்டம் இருந்தால் அவர்தான். வெறுந்தலையாக இருந்தால் சீசராக, அதாவது இளைய ஆட்சியாளராக, இருந்த காலுஸ் அல்லது ஜூலியன். அதை மட்டும் நாளைக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.